ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்: இரண்டு பேர், ஒரு கதை, 34 நிமிடம்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியில் நண்பருக்குத் தெரிந்தது ஜான் டென்வர் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' ஒன்று மட்டுமே. ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஆசை. எதை எடுப்பது, எப்படிக் கேட்பது, நடுவில் எவ்வளவு விளக்குவது?

வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தை எடுங்கள். 1975 மே மாதம் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. விளக்க வேண்டியது ரொம்பக் குறைவு. எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்று தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஏன் இது? அந்தக் காலத்துக் கன்ட்ரி ஆல்பங்களில் பெரும்பாலானவை, ஹிட்டான ஒன்றிரண்டு பாட்டுகளைச் சுற்றி மற்றதை நிரப்பிய தொகுப்புகள். அவற்றை வரிசை மாற்றிக் கேட்டாலும் குடி முழுகிப்போகாது. இதில் வரிசைதான் உயிர். 15 தடங்கள், மொத்தம் 34 நிமிடத்துக்குள், எல்லாம் சேர்ந்து ஒரே கதை. மனைவி விட்டுப் போனதால் புத்தி பேதலித்த ஒரு போதகர் குதிரையேறிக் கிளம்புகிறார், கொல்கிறார், அலைகிறார், கடைசியில் எங்கேயோ போய்ச் சேருகிறார். இதில் விசேஷம் என்னவென்றால், பாதிக்கு மேற்பட்ட பாட்டுகள் நெல்சன் எழுதியவை இல்லை. 1940களின் பழைய காதல் பாட்டு, ஒரு தேவாலயப் பாட்டு, ஒரு மெக்சிகோ வால்ட்ஸ் (ஜோடி நடன இசை), ஒரு பழைய பியானோ மெட்டு என்று ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தவற்றை எடுத்து, தன் கதைக்கு நடுவே பொருத்தியிருக்கிறார். கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கு இந்த உத்தி புதிதில்லை. பாகவதர் கதையைத் தன் வாக்கில் சொல்லிக்கொண்டே போவார்; உணர்ச்சி கனக்கும் இடத்தில் ஊரறிந்த ஒரு கீர்த்தனையையோ விருத்தத்தையோ எடுப்பார். அந்தப் பாட்டு அதுவரை சுமக்காத ஒரு பொருளை அந்த இடத்தில் சுமக்கும். நண்பருக்கு முன்னுரையாக இதை மட்டும் சொன்னால்கூடப் போதும்.

கேட்பதற்கு முன் சாதனத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. சின்ன விஷயங்கள்தான். ஆனால் இந்த ஆல்பம் பெரும்பாலும் கெடுவது இவற்றால்தான்.

முதலாவது, ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேட் என்று ஒரு வசதி பல செயலிகளில் இருக்கும். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டை மேலே ஏற்றிக் கலந்துவிடும். அதைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். இந்த ஆல்பத்தில் அரை நிமிடம்கூட ஓடாத ஒரு தடம் இருக்கிறது. கிராஸ்ஃபேட் 10 விநாடி வைத்திருந்தால், முன்னும் பின்னுமாக அதை விழுங்கிவிடும். அப்படி ஒன்று வந்ததே தெரியாது. கேப்லெஸ் என்ற வசதி இருந்தால் அது இருக்கட்டும், அது வேறு: பாட்டுகளைக் கலக்காமல், நடுவே இடைவெளி மட்டும் விழாமல் ஓட்டுவது.

இரண்டாவது, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2000இல் வந்த மறுவெளியீட்டின் கடைசியில் நான்கு கூடுதல் தடங்கள் ஒட்டப்பட்டுள்ளன. இணையத்தில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். மூல ஆல்பம் 'பண்டேரா' என்ற கருவியிசையோடு முடிகிறது. அதற்குப் பிறகு வருபவை நல்ல வாசிப்புதான், ஆனால் கதைக்குச் சம்பந்தமில்லாதவை. 15 தடங்களை மட்டும் ஒரு பட்டியலாகச் சேமித்து வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் பாய்ந்து நிறுத்த வேண்டிய அவசியம் இருக்காது.

மூன்றாவது, ஒரே இயர்ஃபோனின் இரண்டு முனைகளை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்ளும் பழக்கம். சினேகிதத்துக்கு அழகு, பாட்டுக்குக் கேடு. ஸ்டீரியோ கலவையில் இடது பக்கம் ஒலிப்பதும் வலது பக்கம் ஒலிப்பதும் ஒன்றில்லை. ஒருவருக்கு ஒரு கருவி காதுக்குள்ளேயே ஒலிக்கும், மற்றவருக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்கும். பிறகு இருவரும் வெவ்வேறு ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். வேறு வழியே இல்லையென்றால் போனின் அக்சஸிபிலிட்டி அமைப்பில் மோனோ ஆடியோவை இயக்குங்கள். இரண்டு முனையிலும் எல்லாம் கேட்கும். இரண்டு ஹெட்ஃபோன் மாட்டும் சின்ன ஸ்ப்ளிட்டர் ஒயர் இன்னும் நல்லது. ஒலி கொஞ்சம் குறையும், ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் என்றால் இரண்டையும் ஆறடி இடைவெளியில் வைத்து, எட்டு ஒன்பது அடி தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கிட்டே உட்கார்ந்தால் அவரவர் பக்கத்து ஸ்பீக்கர்தான் அவரவருக்குக் கேட்கும். தள்ளி உட்கார உட்கார அந்த வித்தியாசம் குறையும். பேஸ் பூஸ்ட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இந்தப் பதிவில் டிரம்ஸ் பல இடங்களில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் ஒலிக்கும். பூஸ்ட் போட்டால் பேஸ் கிட்டார் மட்டும் ஊதிப் பெருத்து குரல் மீது ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒலி அளவுக்கு ஒரு கணக்கு: முதல் பாட்டில் நெல்சனின் குரல், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவில் கேட்க வேண்டும். அங்கே வைத்துவிட்டு பிறகு தொடாதீர்கள். சீலிங் ஃபேனை இரண்டாம் எண்ணுக்கு இறக்குங்கள். ஐந்தில் ஓடினால் இந்த ஆல்பத்தில் நாலில் ஒரு பங்கு ஃபேன் சத்தத்தில் போய்விடும், ஏனென்றால் நாலில் ஒரு பங்கு மௌனம்தான்.

அந்த மௌனத்துக்கு ஒரு பின்னணி உண்டு. நெல்சன் 1960களில் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் பாட்டெழுதிப் பிழைத்தவர். பாட்ஸி கிளைன் 1961இல் பாடிப் புகழ்பெற்ற 'கிரேஸி' அவர் எழுதியதுதான். ஆனால் அவரே பாடியபோது அவ்வளவாக எடுபடவில்லை. அன்றைய நாஷ்வில் வழக்கப்படி அவர் குரலுக்குப் பின்னால் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் நிரப்பினார்கள். அவர் பாடும் முறைக்கு அது ஆகாது. தாளத்தோடு ஒட்டிப் பாடுபவர் இல்லை அவர். வரியைத் தாமதமாக எடுப்பார், பாதியில் வேகமாகப் பேசி முந்துவார், கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார். கர்நாடக சங்கீதத்தில் தாளம் தொடங்குவதற்கு முன்போ பின்போ பாட்டை எடுப்பதை அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்பார்களே, அதைப் பாட்டின் தொடக்கத்தில் மட்டும் வைக்காமல் வரிக்கு வரி இஷ்டப்படி செய்தால் எப்படியிருக்கும், அப்படி. பின்னால் கூட்டம் அதிகமானால் இந்த விளையாட்டு காதில் விழாது. 1970களின் தொடக்கத்தில் டெக்சஸுக்கே திரும்பிவிட்டார். கொலம்பியாவோடு ஒப்பந்தம் போடும்போது, எதைப் பதிவு செய்வது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் தன் முடிவு என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1975 ஜனவரியில் டல்லஸ் பக்கத்துக் கார்லண்டில் ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டுடியோவில் தன் சொந்தக் குழுவை வைத்துச் சில நாட்களில் முடித்துக் கொடுத்தார். கொலம்பியா நிர்வாகிகள் கேட்டுவிட்டு, இது மாதிரிக்குப் பதிவு செய்த டெமோ என்று நினைத்தார்கள். ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்ததால் அப்படியே வெளியிட்டார்கள். விற்ற விற்பனையைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இது இடம்பெற்றது.

இந்தப் பின்னணியெல்லாம் உங்களுக்கு. நண்பரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். 'இது பெரிய காவியம்' என்று சொல்லி உட்கார வைத்தால், முதல் ஐந்து நிமிடத்தில் காவியம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். அவரிடம் சொல்ல வேண்டியது மூன்று. இது ஒரு கதை. 1901இல் நடக்கிறது, பாட்டில் 'ஓ ஒன்' என்று வருவது அந்த ஆண்டுதான். நாயகன் ஒரு போதகர். இவற்றோடு இரண்டு மூன்று சொற்களையும் சொல்லி வையுங்கள்: டேவர்ன் என்றால் அந்தக் காலத்துச் சாராயக்கடை, ஸ்டாலியன் என்றால் ஆண் குதிரை, பே என்றால் பழுப்பு உடம்பும் கறுப்புப் பிடரியும் கொண்ட குதிரை. கடைசிச் சொல் தெரியாவிட்டால் தலைப்புப் பாட்டில் ஒரு பெண் எதற்காகச் சாகிறாள் என்றே புரியாது. பாட்டு வரிகளைப் போனில் ஓடவிட்டுக் கையில் கொடுக்காதீர்கள். கண் காதை முந்திக்கொண்டு ஓடும். அடுத்த வரியைப் படித்துவிட்டவருக்கு நெல்சனின் அந்தத் தாமத எடுப்பு வெறும் தாமதமாகத்தான் தெரியும்.

மூல இசைத்தட்டில் முதல் பக்கம் சுமார் 15 நிமிடம், எட்டுத் தடங்கள். இதை ஒரே மூச்சில் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு நிறுத்திப் பேசக் கூடாது. பல தடங்கள் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம்தான். நிறுத்தினால் பாட்டைவிடப் பேச்சு நீண்டுவிடும்.

தொடக்கம் 'டைம் ஆஃப் த ப்ரீச்சர்'. குரலும் கிட்டாரும் முன்னால், மற்றதெல்லாம் எங்கோ. அந்தக் கிட்டாரை நண்பர் கவனிப்பாரா பாருங்கள். கன்ட்ரி என்றால் கம்பித் தந்திகள் பளிச்சென்று ஒலிக்கும் கிட்டாரைத்தான் எதிர்பார்ப்போம். இது நைலான் தந்தி போட்ட மார்ட்டின் என்-20, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கான கிட்டார். 1969இல் வாங்கியது, பெயர் ட்ரிகர். நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரைப் பெயர் அது. சாஸ்திரியக் கிட்டார் விரலால் மீட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அதனால் பிக் (தந்தியை மீட்டும் சின்னச் சில்லு) உரசாமல் தடுக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சன் பிக் வைத்து மீட்டி மீட்டி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகையே தேய்ந்து இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. அதைத்தான் இன்றும் வாசிக்கிறார். ஒலி மொத்தையாக, கொஞ்சம் ஸ்பானிஷ் வாடையோடு, ஒவ்வொரு சுரமும் தட்டிய மாதிரி வரும். ஒருமுறை காதில் ஏறிவிட்டால் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது பாட்டு வீட்டுக்கு வந்து அவள் இல்லாததைக் காண்பது. எடி ஆர்னால்டும் வாலி ஃபவுலரும் எழுதிய பழைய பாட்டு, துள்ளலான மெட்டு. நெஞ்சு உடையும் செய்திக்குத் துள்ளல் எதற்கு என்று நண்பர் புருவம் தூக்கலாம். கன்ட்ரியில் இது சகஜம். துக்கத்துக்குத் தனியாக ஒரு மந்த நடை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. மூன்றாவதில் முதல் பாட்டின் மெட்டு திரும்பி வரும். மன்னிக்க முயன்று முயன்று முடியாமல் குதிரையேறுகிறார்.

நான்காவதில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் முகத்தில் காட்டக் கூடாது. 'ப்ளூ ராக் மொன்டானா', ஒன்றரை நிமிடம். போதகர் அந்த ஊருக்குப் புழுதியோடும் களைப்போடும் வந்து அறை எடுக்கிறார். அன்று மாலை, ஊருக்குள் ஒதுக்குப்புறமான ஒரு சாராயக்கடையில் விட்டுப்போன மனைவியையும் அவள் தேடிப்போனவனையும் காண்கிறார். அவர் கதவைத் திறந்து நுழையும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே செத்தார்கள். அவ்வளவுதான். துப்பாக்கி என்ற சொல் இல்லை, வெடிச்சத்தம் இல்லை, இசையில் ஒரு அதிர்வுகூட இல்லை. 'டைட்' (died) என்ற ஒரு சொல், அதையும் மற்ற சொற்களைப் போலவே பாடிவிட்டுப் போகிறார். முதல் தடவை கேட்பவர்களில் பலர் இதைத் தவறவிடுவார்கள். தவறவிடட்டும். 'டேய், இப்ப கொன்னுட்டான் பாரு' என்று தோளைத் தட்டினால் ஆல்பத்தின் மொத்த நடையும் போச்சு.

அடுத்ததாக 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்'. நண்பர் எங்கேயாவது கேட்டிருக்க வாய்ப்புள்ள கன்ட்ரி பாட்டு என்றால் இதுதான். கன்ட்ரியின் பெரும் பெயர்களில் ஒருவரான ஹேங்க் வில்லியம்ஸை வளர்த்துவிட்ட ஃப்ரெட் ரோஸ் 1940களில் எழுதியது. ராய் ஏகஃப் முதலில் பாடினார். நெல்சன் பாடியது 1975இல் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. பாடகராக அவருக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுதான், அப்போது வயது 42. தனியாகக் கேட்டால் பிரிந்த காதலியை எண்ணி உருகும் அப்பாவிப் பாட்டு. ஆனால் இங்கே அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? அவளைக் கொன்ற கை இன்னும் ஆறவில்லை. மறுமையில் சந்திப்போம் என்று பாடுபவன், அவளை அங்கே அனுப்பியவன். பாட்டை வைத்த இடம் மாறியது, பாட்டு இருண்டுவிட்டது. நடுவில் வரும் கிட்டார்த் துண்டு மெட்டை அப்படியே வாசிக்கிறது, ஒரு சங்கதிகூடக் கூட இல்லை.

பிறகு தலைப்புப் பாட்டு, நான்கு நிமிடம். ஈடித் லிண்டமனும் கார்ல் ஸ்டட்ஸும் எழுதியது, நெல்சன் வானொலி அறிவிப்பாளராக இருந்த காலத்திலிருந்தே அறிந்தது; தன் குழந்தைகளைத் தூங்க வைக்கக்கூட இதைப் பாடியிருக்கிறார். கறுப்புக் குதிரையில் வரும் சிவந்த முடிக்காரன், செத்துப்போன மனைவியின் பழுப்புக் குதிரையையும் கூடவே ஓட்டிவருகிறான். ஒரு பெண் அந்தக் குதிரைமீது கண்வைத்துத் தொடுகிறாள், சுட்டுவிடுகிறான். குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தூக்கு இல்லை என்று விடுதலை. இங்கே நண்பர் முகம் சுளித்தால் அதில் தப்பில்லை. கொலைக் கதைப்பாடல் என்பது அமெரிக்க மலைநாட்டு இசையில் பிரிட்டன் வழியாக வந்த பழைய வகை. பெண்ணைக் கொல்லும் ஆணின் பார்வையிலேயே பாடிப் பழகிய வகை. இந்த ஆல்பமும் அவனைத் தண்டிப்பதில்லை. பழைய வழக்கம் என்று சொல்லி இதைப் பூசி மெழுக வேண்டாம். இடைவேளையில் பேச உங்களுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

அரை நிமிடத்துக்கும் குறைவாக அந்த முதல் மெட்டு மறுபடி வரும். முதலில் 'பிரசங்கம் முடிந்தது, பாடம் தொடங்கியது' என்ற பொருளில் முடிந்தது, இப்போது 'எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் தொடங்குகிறது' என்று மாறியிருக்கும். அதைத் தொடர்ந்து பக்கத்தின் கடைசித் தடம், 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. பாட்டு இல்லை, மெட்டு மட்டும். பியானோ வாசிப்பது நெல்சனின் அக்கா பாபி நெல்சன். தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவராக நண்பர் இருந்தால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். 'நான் பாவிதான், ஆனாலும் நீர்' என்று பல தமிழ்ச் சபைகளில் பாடும் பாட்டின் மூலம் இதுதான். ஷார்லட் எலியட் 1835இல் இங்கிலாந்தில் எழுதியது; மெட்டு அமெரிக்கரான வில்லியம் பிராட்பரியுடையது. அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களில், மனம் திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று அழைக்கும்போது பாடுவது. மூன்று உயிரை எடுத்துவிட்டு நிற்கும் ஒரு போதகருக்குப் பின்னால் இதைச் சொற்களை எடுத்துவிட்டு வாசித்திருக்கிறார்கள். பாட்டு தெரிந்தவர் மனதில் அந்தச் சொற்கள் தானாக ஓடும். தெரியாதவருக்கு இது ஒரு அமைதியான பியானோத் துண்டு. இது ஒன்றை மட்டும் இடைவேளையில் நண்பருக்குச் சொல்லிவிடலாம்.

இங்கே நிறுத்துங்கள். டீ போடும் நேரம், பத்து நிமிடம். இசைத்தட்டாக இருந்திருந்தால் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டியிருக்கும். நெல்சன் அந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார். நண்பரிடம் 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மரியாதைக்காக ஒரு பதில்தான் வரும். 'இதுவரை என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் கதையைச் சொல்லச் சொல்ல எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு கொலை என்கிறாரா, மூன்று என்கிறாரா என்று பாருங்கள். சாராயக்கடைச் சாவைத் தவறவிட்டிருந்தால் இப்போது சொல்லிவிடுங்கள், அந்தக் கடையையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்து. இரண்டாம் பக்கத்துக்கு அது கட்டாயம் தேவை.

இரண்டாம் பக்கத்தின் முதல் தடம் 'டென்வர்'. ஒரு நிமிடம்கூட இல்லை. நகரத்து விளக்குகள் வைரமாக மின்னுகின்றன, எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அன்று மாலை, ஊருக்குள் ஒதுக்குப்புறமான ஒரு சாராயக்கடையில் ஒருத்தி அவனைக் காண்கிறாள். அவன் கதவைத் திறந்து நுழையும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே ஆடினார்கள்.

முதல் பக்கத்தில் 'டைட்', இங்கே 'டான்ஸ்ட்' (danced). கடை அதே, கதவு அதே, சிரிப்பு அதே, மெட்டு அதே. ஒரு வினைச்சொல்லை மாற்றி ஒரு மனிதனைச் சாவிலிருந்து திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். முதல் பக்கத்தில் அவள் இன்னொருவனைப் பார்த்துச் சிரித்தாள், வாசலில் நின்றவன் வெளியாள். இப்போது சிரிப்பு வாசலில் நிற்பவனுக்கே. கன்ட்ரி பாட்டெழுத்தில் இந்தச் சிக்கனத்துக்கு ஈடான இடம் வெகு சிலதான் என்பது என் கட்சி. ஷஃபிளில் கேட்டாலோ 'ப்ளூ ஐஸ்' மட்டும் தனியாகக் கேட்டாலோ இது கிடைக்காது.

அடுத்த இரண்டு தடங்களில் பாட்டே இல்லை, பலர் இவற்றை நிரப்புச் சரக்கு என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். அவர்கள் ஆடுகிறார்கள், இது அந்த ஆட்டத்துக்கான இசை. முதலாவது, மெக்சிகோவின் ஹுவெந்தினோ ரோசாஸ் எழுதி 1888இல் அச்சான வால்ட்ஸ்; சர்க்கஸில் ஊஞ்சல் வித்தைக்கு வாசிப்பார்களே, அந்த மெட்டு. மூன்று மூன்றாக எண்ணுங்கள், திஸ்ர நடை. நண்பரின் கால் தானாக ஆடும். இரண்டாவது 'டௌன் யாண்டர்', 1921இன் மெட்டு, பாபியின் பியானோ குதித்துக்கொண்டு ஓடும். முதல் பக்கத்தில் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்த அதே விரல்கள் இப்போது சாராயக்கடையில். டெக்சஸ் சிற்றூர்களில் ஞாயிறு காலை ஆராதனைக்கும் சனி இரவு ஆட்டத்துக்கும் ஒரே ஆள் வாசிப்பது வழக்கம்தான்.

'கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்' ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும், ஆல்பத்திலேயே நீளமானது. ஹேங்க் காக்ரன் எழுதியது. ஒரு நாடோடி, குளிருக்கு ஒதுங்க மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்ளலாமா ஐயா என்று கேட்கும் பழைய பாட்டு ஒன்று உண்டு. காக்ரன் கொட்டகையை எடுத்துவிட்டு அணைப்பைக் கேட்க வைத்தார். நண்பருக்குக் கொட்டாவி வருவதென்றால் இங்கேதான் வரும். வந்தால் வரட்டும், மந்தமான பாட்டுதான். மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கனைக் காது தொடர்ந்தால் நேரம் போவது தெரியாது: அது குரலோடு போட்டி போடாது, நெல்சன் வரியை முடித்து மூச்சு வாங்கும் சந்தில் மட்டும் புகும். அதற்கடுத்த 'ரிமெம்பர் மி' ஸ்காட்டி வைஸ்மன் எழுதிய பாட்டு, இதமானது, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பில் கேலரி எழுதிய 'ஹேண்ட்ஸ் ஆன் த வீல்' வரும்போது கதை சொன்ன முறை மாறுகிறது. கதையை நகர்த்திய பாட்டுகளில் 'அவன்' இருந்த இடத்தில் இங்கே 'நான்' வந்துவிடும். ஆற்றங்கரை ஓக் மர நிழலில் ஒரு கிழவரும் ஒரு சிறுவனும். இருவருக்கும் பிரியமான ஒருத்தி. வீடு திரும்புவது போல் இருக்கிறது என்கிறார். யார் அந்தச் சிறுவன், எத்தனை ஆண்டு கழிந்தது என்று பாட்டு சொல்லாது. நண்பர் கேட்டால் நீங்களும் சொல்லாதீர்கள். கடைசியில் 'பண்டேரா', டெக்சஸில் ஒரு சின்ன ஊரின் பெயர். கிட்டார் பேசும் இரண்டு நிமிடச் சொச்சம். இது ஓடும்போது எழுந்து டம்ளரை எடுத்துவைப்பது, போனைப் பார்ப்பது எல்லாம் பொதுவாக நடக்கும். சினிமாவில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடுகிற பழக்கம் நமக்கு. முடியும் வரை உட்காருங்கள், முடிந்த பிறகும் அரை நிமிடம் ஒன்றும் போடாதீர்கள். தானாக வேறு பாட்டைத் தொடங்கும் ஆட்டோபிளேயை முன்பே அணைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

முடிந்ததும் உடனே மறுபடி முழுவதும் கேட்க வேண்டாம். 'ப்ளூ ராக் மொன்டானா', அதை அடுத்து 'டென்வர்' என்று இரண்டையும் ஒட்டிப் போடுங்கள். இரண்டரை நிமிட வேலை. 'டைட்', 'டான்ஸ்ட்' விஷயம் நண்பருக்கு ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் சிரிப்பார். இல்லையென்றால் இப்போது பிடிபடும். இதற்குப் பிறகு நீங்கள் வாய்விட்டுப் பேசலாம், கொலம்பியா கதை, ட்ரிகரின் ஓட்டை, எல்லாம்.

நண்பருக்கு ஒட்டவே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: கன்ட்ரி என்று அவர் மனதில் வைத்திருந்த ஒலி இதில் இல்லை. பாஞ்சோ இல்லை, அழுதுகொண்டு வழுக்கும் அந்த பெடல் ஸ்டீல் கிட்டார் இல்லை. அவருக்கு ஜார்ஜ் ஜோன்ஸின் 1974 ஆல்பம் 'த கிராண்ட் டூர்' சரியாக இருக்கும். நெல்சன் தப்பி ஓடிவந்த அதே நாஷ்வில் மெருகுதான், ஆனால் அதற்கென்றே பிறந்த குரல். கதை பிடித்து வேகம் போதவில்லை என்றால் மார்ட்டி ராபின்ஸ் 1959இல் வெளியிட்ட துப்பாக்கிவீரர் பாட்டுத் தொகுப்பு; அதில் பல பாட்டுகள் தனித்தனிக் கதை, சுறுசுறுப்பும் உண்டு. இரண்டும் பிடித்து இன்னும் வேண்டும் என்றால் நெல்சனின் முந்தைய ஆல்பமான 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்', 1974. ஒரு மணமுறிவு, முதல் பக்கம் முழுக்க மனைவி சொல்வது, இரண்டாம் பக்கம் முழுக்கக் கணவன் சொல்வது. தலைப்புப் பாட்டில் முகம் சுளித்த நண்பருக்கு அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். அதில் அந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறது, அவள்தான் முதலில் பேசுகிறாள்.